ராசவள்ளிக்கிழங்கு ஜாம்: கலர் கிழங்கிலிருந்தே வரட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் நல்லவாடு மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் நல்லவாட்டிலிருந்து வர்றேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்ல. அதனால எழுதி வச்சுக்கிட்டுப் படிக்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஊதாக் கிழங்கில் ஜாம் செய்வது எப்படி. செய்முறையை மட்டும் சொல்லிட்டு இறங்கிடலாம்னா அஞ்சு நிமிஷம் போதும். ஆனா இந்த ஜாமை விற்பனைக்குக் கொண்டு போகலாமான்னு நம்ம கூட்டமைப்பு அடுத்த கூட்டத்தில் முடிவு பண்ணப் போகுது. அதனால செய்முறையையும் சொல்றேன், அந்த முடிவுக்கு முன்னாடி நாம யோசிக்க வேண்டியதையும் சொல்றேன்.

முதல்ல, இது எந்தக் கிழங்கு? நிறைய பேர் சர்க்கரைவள்ளின்னு நினைச்சுக்கிறீங்க. சர்க்கரைவள்ளியிலும் ஊதா நிறம் உண்டு, ஆனா அது வேற. மரவள்ளியும் வேற. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் தென் அமெரிக்காப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த கிழங்குகள். நான் சொல்றது கொடியாகச் சுத்திக்கிட்டு மரத்து மேல ஏறும் பாருங்க, இலை வெற்றிலை மாதிரி இதய வடிவில் இருக்கும், அந்தப் பெருவள்ளி. இது நம்ம ஆசியாவிலேயே பிறந்தது. முருகன் கட்டிக்கிட்ட வள்ளியம்மை, வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில் கிடைச்ச பிள்ளை, அதனாலதான் அந்தப் பேருன்னு கதை சொல்லுவாங்க. அப்படிப் பார்த்தா வள்ளிங்கற பேருக்கு முதல் உரிமை இந்தக் கிழங்குக்குத்தான்.

பெருவள்ளியில் உள்ளே வெள்ளையா இருக்கிறதும் உண்டு, ஊதாவா இருக்கிறதும் உண்டு. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளாவிலும் காச்சில்னு சொல்றாங்க. யாழ்ப்பாணத்தில் ஊதாவா இருக்கிறதை இராசவள்ளிக் கிழங்குன்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பேர்தான் பிடிச்சிருக்கு. ராசாவுக்கு உள்ள கலர்தானே!

எங்க அம்மா வீடு பாகூர் பக்கம். அங்கே கிணத்து மேட்டில் இருந்த பூவரச மரத்தில் இந்தக் கொடி ஏறியிருக்கும். பொங்கலுக்கு எங்க ஆயா தோண்டி எடுத்து, பாதியைக் குழம்பில் போடும், மீதியை வேகவச்சு வெல்லம் தொட்டுத் திங்கக் கொடுக்கும். அதில் ஜாம் பண்ணலாம்னு அப்போ யாருக்கும் தெரியாது.

தெரிய வந்தது சிங்கப்பூரிலிருந்து. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த போனை வச்சுத்தான் எங்க ஊர் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் எச்சரிக்கை பண்ணி, சனங்க உயிர் பிழைச்சது. அதனால சிங்கப்பூர் போன்னா நல்லவாட்டில் எல்லாரும் காது கொடுத்துக் கேட்போம். அங்கே வேலை பார்க்கிற எங்க நாத்தனார் ஒருநாள் பேசும்போது, கூட வேலை செய்யுற பிலிப்பைன்ஸ் பொண்ணு ஊதாக் கலரில் ஒரு இனிப்பு கொடுத்ததா சொல்லுச்சு. "நம்ம திரட்டுப்பால் மாதிரி இருக்கு அண்ணி, ஆனா கிழங்கு" அப்படின்னுச்சு. போட்டோ அனுப்புனா, எங்க ஆயா தோண்டின அதே கிழங்கு!

பிலிப்பைன்ஸில் இந்தக் கிழங்குக்கு உபேன்னு பேரு. ஜாமுக்கு உபே ஹலாயா. நம்ம வீட்டில் விசேஷத்துக்குப் பாயசம் மாதிரி, அவங்களுக்குக் கிறிஸ்துமஸ், பிறந்தநாள்னா இது. ரொட்டியில் தடவுறாங்க, ஐஸ்கிரீமில் போடுறாங்க, சும்மாவும் ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுறாங்க. அங்கே போஹோல்னு ஒரு தீவு. அந்தத் தீவில் இந்தக் கிழங்கு கை தவறிக் கீழே விழுந்துட்டா எடுத்து முத்தம் கொடுத்துட்டு வைப்பாங்களாம். நாம அரிசி காலில் பட்டா தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிறோம் இல்ல, அதே பயபக்திதான்.

யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் ரொம்ப காலமா இதை இனிப்பாகத்தான் செய்யுறாங்க. கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருக்கிற ஒரு அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கிழங்கை வேகவச்சு மசிச்சு, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கூழ் பதத்தில் இறக்குறது. அதே பொருளை இன்னும் ஒரு மணி நேரம் கிண்டினா பிலிப்பைன்ஸ் ஜாம். அவ்வளவுதான் வித்தியாசம். அதனால இதை வெளிநாட்டுப் பலகாரம்னு பயப்படாதீங்க.

இப்போ செய்முறை. எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க.

வேண்டிய பொருள்: தோல் நீக்கி மசிச்ச ஊதாக் கிழங்கு 1 கிலோ. அதுக்குத் தோலோட ஒன்றேகால் கிலோ வாங்கணும். சர்க்கரை 600 கிராம். தேங்காய் 2, முதல் பால் தனியா 2 டம்ளர், இரண்டாம் பால் 2 டம்ளர். வெண்ணெய் அல்லது நெய் 100 கிராம். உப்பு அரை ஸ்பூன். பிலிப்பைன்ஸில் கன்டென்ஸ்டு மில்க் டின்னும் வெண்ணெயும் சேர்ப்பாங்க. நமக்குத் தேங்காய்ப்பால் போதும், செலவும் குறைவு.

ஒன்று. கிழங்கை மண் போகக் கழுவி, தோலோடவே பெரிய துண்டா போட்டு வேகவைக்கணும். பச்சையாத் தோல் சீவினா கை அரிக்கும். சீவித்தான் ஆகணும்னா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கோங்க. தோலோட வேகவச்சா இன்னொரு லாபம், கலர் தண்ணியில் இறங்கி வீணாப் போகாது. கத்தியால் குத்தினா சுலபமா இறங்கணும், அதுதான் பதம்.

இரண்டு. சூடு இருக்கும்போதே தோலை உரிச்சு, தேங்காய் துருவியிலோ சல்லடையிலோ தேய்ச்சு மசிக்கணும். ஆற விட்டா கட்டி கட்டியா நிக்கும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கரையாது.

மூன்று. அடி கனமான உருளியோ வாணலியோ வையுங்க. இரண்டாம் பாலில் சர்க்கரையையும் உப்பையும் கரைச்சுக் கொதிக்க விட்டு, கிழங்கைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கிளறணும். கலந்த பிறகு தீயைக் குறைச்சிடணும். பாதி இறுகினதும் முதல் பாலை ஊத்தணும்.

நான்கு. இனிமே கரண்டியை விடக் கூடாது. அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டணும். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். கொழகொழன்னு குதிச்சுக் கையில் தெறிக்கும், நீளமான கரண்டி வச்சுக்கோங்க. இரண்டு பேர் மாத்தி மாத்திக் கிண்டினா தோள்பட்டை தப்பிக்கும்.

ஐந்து. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தா அடிப் பாத்திரம் தெரிஞ்சு, கோடு உடனே மூடாம நிக்கணும். ஓரத்தில் ஒட்டாம சுருண்டு வரணும். அப்போ நெய்யை விட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் கிளறி இறக்கிடுங்க. ஒன்றரை கிலோவுக்கு மேல கிடைக்கும்.

ஏலக்காய் போடலாமான்னு கேட்பீங்க. போடலாம். ஆனா இந்தக் கிழங்குக்குன்னு ஒரு மெல்லிய வாசனை இருக்கு, ஏலக்காய் அதை அமுக்கிடும். முதல் தடவை போடாம செஞ்சு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. காட்டிலயும் வேலியிலயும் தானா முளைக்கிற வள்ளி எல்லாத்தையும் தோண்டி எடுத்துடாதீங்க. சிலதில் விஷம் உண்டு. தெரிஞ்சவங்க பயிர் பண்ணின கிழங்கு மட்டும்தான். அதையும் பச்சையாத் திங்கக் கூடாது.

செய்முறை முடிஞ்சது. இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

எங்க குழுவில் செஞ்ச ஜாமை டவுனில் ஒரு கடைக்காரரிடம் ருசி பார்க்கக் கொடுத்தோம். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மாசாமாசம் எடுத்துக்கிறேன்னு சொன்னார். இரண்டே நிபந்தனை. ஒண்ணு, கலர் இன்னும் தூக்கலா, எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கணும், அதுக்குக் கலர் பவுடரை அவரே தர்றாராம். இன்னொண்ணு, ஃபிரிட்ஜ் இல்லாம வெளியிலேயே மூணு மாசம் கெடாம நிக்கணும்.

எங்க குழுவில் இதுக்கு இன்னும் ஒரே முடிவு வரல. ஒத்துக்கலாம்னு சொல்றவங்களையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டு கடலுக்குப் போகாது, ஆனா குழுக் கடன் தவணை வந்து நிக்கும். அந்த நேரத்தில் மாசம் ஒரு தொகை உறுதியா வரும்னா யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்துச்சு. ஆனாலும் வேண்டாம்னுதான் நான் சொல்றேன். ஏன்னு சொல்றேன்.

இந்தக் கிழங்கு எல்லா வருஷமும் ஒரே கலரில் வராது. ஒண்ணு அடர் ஊதாவா இருக்கும், ஒண்ணு வெளிறி இருக்கும், ஒரே கிழங்கிலேயே பாதி வெள்ளையா இருக்கும். கடைக்காரர் கேட்கிற மாதிரி ஒரே கலர் வேணும்னா சாயம் போட்டுத்தான் ஆகணும். 2024 பிப்ரவரியில் நம்ம புதுச்சேரியில் பஞ்சுமிட்டாய் விக்கத் தடை போட்டாங்க, ஞாபகம் இருக்கா? அதில் ரோடமின்-பின்னு துணிக்குப் போடுற சாயம் இருந்துச்சு. அதே மாசம் தமிழ்நாட்டிலயும் தடை வந்துச்சு. பீச்சில் கம்பு பிடிச்சு வித்தவங்க பாதிப் பேருக்கு அது என்ன பவுடர்னே தெரிஞ்சிருக்காது. யாரோ கொடுத்தாங்க, போட்டாங்க. மாட்டிக்கிட்டது வித்தவங்க. பேர் தெரியாத பவுடரை நாம நம்ம அடுப்பில் போட்டா, நாளைக்கு டப்பாவில் இருக்கப் போறது நம்ம குழுப் பேரு.

சரி, அரசாங்கம் அனுமதிச்ச கலர்தான்னே வச்சுக்குவோம். அப்பவும் எனக்கு ஒரு கணக்கு இடிக்குது. கலரும் எசன்ஸும் போடலாம்னு ஆயிடுச்சுன்னா கிழங்கு எதுக்கு? உருளைக்கிழங்கை மசிச்சு, ஊதாக் கலர் போட்டு, எசன்ஸ் விட்டா கண்ணுக்கு அதே ஜாம்தான். அதை மிஷினில் செய்யுற கம்பெனி நம்ம விலையில் பாதிக்குக் கொடுத்துடும். கடைக்காரர் அங்கே போயிடுவார். கிழங்கு தேவைப்படாத ஜாமுக்கு ஒரு மணி நேரம் கிண்டுற நம்ம கையும் தேவைப்படாது. வாங்குறவங்க கலர் பவுடருக்காக நம்மகிட்ட வரப் போறதில்ல, நிஜக் கிழங்குக்காகத்தான் வருவாங்க.

இதைப் பிலிப்பைன்ஸிலேயே ஒரு இடத்தில் செஞ்சு காட்டியிருக்காங்க. அங்கே பாகியோன்னு ஒரு மலை ஊர், நம்ம ஊட்டி மாதிரி. அந்த ஊரில் நல்லாயன் சபைக் கன்னியர் மடம் இருக்கு. அவங்க செய்யுற உபே ஜாம் நாடு முழுக்கப் பேர் போனது. சுற்றுலா போறவங்க வரிசையில் நின்னு வாங்குறாங்க. அந்த வருமானத்தில் மலைவாழ் வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறாங்க, அங்கேயே வேலை செஞ்சுக்கிட்டே படிக்கிற பிள்ளைங்களும் உண்டு. சில வருஷம் முன்னாடி அவங்களுக்கு ஊதாக் கிழங்கு போதுமான அளவு கிடைக்கல. வெள்ளைக் கிழங்குதான் கிடைச்சுது. கலர் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவங்க போடல. வெள்ளை உபே ஜாம்னே பேர் எழுதி வித்தாங்க. அந்த விவசாயிகளோட கிழங்கும் வீணாகல. சனங்க கோவிச்சுக்கல, வெள்ளையையும் வாங்கினாங்க. நம்மள மாதிரி பெண்கள் சேர்ந்து நடத்துற தொழில்தான் அது. அவங்களால முடிஞ்சது நம்மளால முடியாதா?

கலர் நிஜமா சாயமான்னு வீட்டிலேயே ஒரு சோதனை பண்ணலாம். கிழங்கோட ஊதா, நாவல்பழத்திலயும் கத்தரிக்காய்த் தோலிலயும் இருக்கிற அதே வகை நிறம். ஒரு ஸ்பூன் மசிச்ச கிழங்கைத் தண்ணியில் கரைச்சு வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊத்துங்க. ஒண்ணில் எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சிவப்பு பக்கம் மாறும். இன்னொண்ணில் சமையல் சோடா போட்டா நீலம், பச்சைப் பக்கம் மாறும். வெறும் சாயம்னா அப்படி மாறாது. இது வீட்டுச் சோதனைதான், சர்டிபிகேட் இல்ல. ஆனா நம்ம ஸ்டாலில் வாங்க வர்றவங்க முன்னாடி இதைச் செஞ்சு காட்டினா, அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம். இதிலிருந்து இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. சீக்கிரம் வேகட்டும்னு கிழங்கில் சோடா போட்டுடாதீங்க, ஜாம் பச்சையாப் போயிடும்!

இரண்டாவது நிபந்தனை, மூணு மாசம் கெடாம நிக்கிறது. ஜாம்னு பேர் வச்சிருக்கோமே தவிர இது மாம்பழ ஜாம், அன்னாசி ஜாம் மாதிரி இல்ல. பழ ஜாம் நிக்கிறதுக்குக் காரணம் அதில் இருக்கிற புளிப்பும், அளவுக்கு மேல போடுற சர்க்கரையும். இதில் புளிப்பே கிடையாது. மாவுச்சத்தும் தேங்காய்ப்பாலும்தான். நான் என் வீட்டில் வச்சிருக்கிற விதி, வெளியில் ஒரு நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். அதுக்கு மேல நான் யாருக்கும் கொடுக்கிறதில்ல. நாமே வாயால் மூணு மாசம்னு சொல்லிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் சோதிச்சுப் பார்த்துத்தான் தேதி போடணும். ஒரு சின்னப் பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா, பத்து வருஷம் சேர்த்த பேரு ஒரே நாளில் போயிடும்.

அப்போ தொழிலே வேண்டாமான்னு கேட்டா, வேணும்னுதான் சொல்றேன். எப்படிச் செய்யணும்கிறதுக்கு என்னோட யோசனை நாலு.

முதல் யோசனை, ஆர்டருக்கு மட்டும் செய்யுறது. பொங்கல், கிறிஸ்துமஸ், கல்யாணம், வளைகாப்புன்னு முன்கூட்டியே ஆர்டர் வாங்கி, செஞ்ச மறுநாளே கொடுத்துடுறது. சின்ன டப்பா, 200 கிராம். செஞ்ச தேதி, எத்தனை நாளுக்குள்ள சாப்பிடணும், என்னென்ன போட்டிருக்கு, எல்லாம் தமிழில் ஒட்டணும். கிழங்கு வெளிறியிருந்தா வெளிறின ஜாம், வெள்ளையா இருந்தா வெள்ளை ஜாம்னு எழுதணும்.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுன்னதும் பயப்படாதீங்க. நம்மள மாதிரி சின்ன அளவில் செய்யுறவங்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்க் கட்டணம்தான். 14 இலக்கத்தில் ஒரு எண் கொடுப்பாங்க, அதை டப்பாவில் போடணும்.

மூணாவது, கிழங்கை நாமே வளர்க்கிறது. வாங்குற கிழங்கை நம்பினா விலையும் கலரும் நம்ம கையில் இல்ல. நல்ல ஊதாவா இருக்கிற கிழங்கில் கால் கிலோ துண்டு எடுத்து, சித்திரை வைகாசி மழைக்குக் குழி வெட்டி எருப் போட்டு நட்டா, மார்கழி தை மாசத்தில் கொடி காஞ்சதும் தோண்டலாம். தென்னை மரத்து இடையில் வரும், தண்ணி தேங்காத மணல் கலந்த மண்ணிலும் வரும். பாகூர், வில்லியனூர்ப் பக்கம் தோப்பு வச்சிருக்கிற அக்காமாருங்க நட்டுக் கொடுங்க, கடலோரத்தில் இருக்கிற நாங்க ஜாம் போடுறோம். குரும்பாப்பேட்டில் இருக்கிற பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குக் கூட்டமைப்பு மூலமா கேட்கலாம். திருவனந்தபுரத்தில் 1963-லிருந்து கிழங்குப் பயிருக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் நடக்குது. நல்ல விதைக்கிழங்கு பத்தி அங்கே எழுதிக் கேட்கலாம். கிழங்கைக் காயவச்சு மாவாக்கினா ரொம்ப நாள் இருக்கும், அதையும் பயிற்சியில் கேட்டுக்கணும். தடைக்காலத்து வருமானத்துக்கு அந்த மாவுதான் வழின்னு எனக்குத் தோணுது.

நாலாவது, கூலி. நாம கணக்கு எழுதும்போது கிழங்கு, சர்க்கரை, தேங்காய், கேஸ், டப்பா எல்லாம் எழுதுறோம். கிண்டின ஒரு மணி நேரத்தை எழுதுறதே இல்ல. "வீட்டில் சும்மாதானே இருந்தோம்"னு விட்டுடுறோம். யாரும் சும்மா இல்ல. ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போனா கூலி உண்டு, மீன் சுத்தம் பண்ணப் போனா கூலி உண்டு, அடுப்பு முன்னாடி வேர்த்துக் கிண்டினா மட்டும் கூலி இல்லையா? இரண்டு பேர் கூலியையும் சேர்த்துத்தான் விலை போடணும். அந்த விலைக்கு வாங்குறவங்க குறைவா இருந்தா குறைவாச் செய்வோம்.

அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லும்போது இதை நினைச்சுப் பார்த்துட்டுத் தூக்குங்க. ஒத்துக்கலாம்னு நினைக்கிறவங்களும் எழுந்து பேசுங்க, அவங்க கஷ்டத்தையும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். தவணை கட்ட முடியாத குழுவுக்குத் தடைக்காலத்தில் கூட்டமைப்பு நிதியிலிருந்து எப்படிக் கை கொடுக்கிறதுன்னும் அதே கூட்டத்தில் பேசணும்னு கேட்டுக்கிறேன். அதைப் பேசாம கலர் போடாதேன்னு மட்டும் சொல்றது நியாயம் இல்ல.

வாசல் பக்கத்து மேசையில் இரண்டு தட்டு வச்சிருக்கேன். ஒண்ணு ஊதாக் கிழங்கு, ஒண்ணு வெள்ளைக் கிழங்கு. நேத்து ராத்திரி எங்க குழு செஞ்சது. கண்ணை மூடிக்கிட்டு இரண்டையும் ருசி பாருங்க, எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம். இன்னைக்கே காலி பண்ணிடணும், நாளைக்கு வைக்கக் கூடாது.